நெய்ச்சொம்பு

மே 2

தாரணி போன் செய்தாள். பதினெட்டாம் தேதி மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறாளாம், சாயங்காலமே கிளம்பிவிடுவாளாம். பெற்ற வீட்டுக்கு விருந்துக்கு வருகிற ஒறம்பரை மாதிரி நேரம் சொல்லிக்கொண்டு வருகிற மகளை இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான் பெற்றிருக்கிறேன்.

ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். இந்த மாதமே போக வேண்டுமாம். "எப்பக் கண்ணு திரும்பி வருவே?" என்று கேட்டேன்.

"வர்றதா இல்லம்மா. அங்கயே இருந்துக்கலாம்னு இருக்கறேன்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவளேதான் பேசினாள்.

"அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். சாப்பிட்டு முடிச்சு, ஒக்காந்து, மெதுவாச் சொல்றேன். நீ முந்திக்காதே. அவரு ஒரு வார்த்தை எங்கூடப் பேசோணும், அது போதும். பேசலைன்னா வந்த மாதிரியே போயிருவேன். நான் ஜெர்மனி போறதுக்கு முன்னாடி நீயும் வாயத் தொறக்கக் கூடாது."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்த வீட்டில் இரண்டு பேர் வீம்புக்கும் நடுவில் சரி சொல்வதுதான் என் உத்தியோகம்.

போனை வைத்ததும் அவர் கேட்டார், "ஆரு போன்ல?"

"தாரணிங்க. பதினெட்டாந்தேதி வாராளாமா."

"செவலை மாட்டுக்குத் தவுடு வச்சயா?" என்றார்.

மே 3

மாட்டுத்தீவனக் கடைக்காரர் கொடுத்த டைரி இது. தை மாதமே கொடுத்தார். பக்கமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. பேச ஆள் இல்லாதவர்கள் எழுதலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பனும் மகளும் பேசி இரண்டு வருடமாகிறது. அந்த வருடம் பொங்கலுக்கு வந்திருந்தாள். செவலை போட்டது கிடாரி இல்லை, காளைக்கன்று. பிறந்த கொஞ்ச நாளில் செத்துப் போயிற்று. கன்று இல்லாவிட்டால் மாடு பாலை இறக்காது என்று அவர் கன்றின் தோலை உரித்து, வைக்கோலை அடைத்து, செவலைக்கு முன்னால் கொண்டு வந்து நிறுத்தினார். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்திலிருந்து செய்வதுதான். செவலை அந்த வைக்கோல் பொம்மையை நக்கிக்கொண்டே பாலை விட்டது. தாரணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பட்டிப் பொங்கல். பங்காளிகள், பால் சொசைட்டிக்காரர்கள் எல்லோரும் இருக்கிறபோது, மாட்டுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்து, "கன்னுக்குட்டியப் பட்டினி போட்டுக் கொன்னுட்டு அதோட அம்மாளுக்கு மாலை போடறீங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் செத்துப் போயிற்று. "இந்தப் பாலுதான் உன்னைய இஞ்சினியராக்குச்சு. இது ஆகாதுன்னா இந்த வாசலும் உனக்கு ஆகாது" என்றார்.

அன்றிலிருந்து அவள் பால், தயிர், மோர், நெய் எதையும் தொடுவதில்லை. வீகன் என்கிறாள். இவர் அவளோடு பேசுவதில்லை. இதற்கு ஒரு பெயரும் இல்லை.

கன்று கழிச்சலில்தான் செத்தது. மாட்டு டாக்டரே சொன்னார். அதை மகளைக் கூப்பிட்டு அவர் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நானும் கேட்டதில்லை.

காலையில் நுரை கட்டக் காப்பி குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மே 4

பதினெட்டாம் தேதிக்கு என்ன சமைப்பது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பருப்புக்கு நெய், குழம்புக்குப் பிறகு தயிர், பாயசத்துக்குப் பால், பலகாரத்துக்கு வெண்ணெய். பால்காரன் வீட்டில் பால் படாத பொருள் உப்பும் புளியும்தான்.

பெங்களூருக்கு வேலைக்குப் போன புதிதில் பழம் வைத்துச் சுட்ட பை என்றால் அவளுக்கு உயிர். மாவைத் தட்டு மாதிரி விரித்து, உள்ளே பழத்தைப் போட்டு, மேலே இன்னொரு மாவைப் போர்த்தி ஓவனில் சுடுகிறார்கள். வெண்ணெய்தான் அதற்கு மூச்சே என்று போன் வீடியோவில் ஒரு பெண் சொல்கிறாள். இன்னொருத்தி உறைந்த தேங்காயெண்ணெய் போதும் என்கிறாள். இரண்டாவது பெண்ணைத்தான் எனக்குப் பிடித்தது. சுற்றி ஐந்து ஏக்கர் தென்னை நிற்கிறது, எண்ணெய்க்கு என்ன பஞ்சம். தோப்பில் மாம்பழமும் அழிகிறது.

ஓவன் இருக்கிறது. தாரணி முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது. இதுவரை அதன் தலையில் வெங்காயக் கூடை உட்கார்ந்திருந்தது. சும்மா கிடக்கிறதே என்றுதான் இறக்கித் துடைத்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

மே 6

முதல் பை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மே மாத வெயிலில் தேங்காயெண்ணெய் எங்கே உறையும்? ஃபிரிட்ஜில் வைக்கப் போனால், மாட்டு ஊசி மருந்து, கால்சியம் பாட்டில், இன்னும் என்னென்னவோ. மனுசருக்கு ஒரு மூலைதான். அந்த மூலையில் கிண்ணத்தைத் திணித்து உறைய வைத்தேன். வெளியே எடுத்து மைதாவில் போட்டு விரலால் உதிர்ப்பதற்குள் கையிலேயே உருகி ஓடிவிட்டது. அப்படியே பிசைந்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. வந்த பிறகு பார்த்தால் மேல் மாவு முறுக்கு மாதிரி, அடி மாவு களி மாதிரி.

பக்கத்துத் தோட்டத்து மயிலாத்தாள் அக்கா வந்து ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தார். எனக்கு இங்கே இருக்கிற ஒரே வாய்த்துணை அவர்தான். "ஒப்புட்டு வேகாம எடுத்துட்டயாட்டிருக்குது ருக்குமணி" என்றார்.

"ஒப்புட்டு இல்லீங்கக்கா, பை."

"உள்ள இனிப்பு, வெளிய மாவு. ஒப்புட்டுத்தான் போ."

மீதியை எருமைக்கு வைத்தேன். அதுவும் யோசித்துத்தான் தின்றது.

மே 7

மாங்காயைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

மே 9

விடியற்காலையில், கறவை முடிந்த கையோடு செய்தேன். குளிர்ச்சி இருக்கிற நேரம். மைதாவையும் ஃபிரிட்ஜில் வைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து, விரல் நுனியால் மட்டும் உதிர்த்தேன். ரவை மாதிரி வந்தது. அதை உருட்டி மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பழத்தைக் கவனித்தேன். செந்தூர மாம்பழம் மட்டும் போட்டால் தித்திப்பு, குழைந்தும் போகிறது. பாதிப் பழுத்த கிளிமூக்கைச் சேர்த்தேன். நாட்டுச் சர்க்கரை, சுக்குப்பொடி, எலுமிச்சை, கொஞ்சம் சோள மாவு. அடுப்பில் ஒரு கொதி விட்டு ஆற வைத்தேன். சூட்டோடு ஊற்றினால் அடி மாவு களியாகிறது என்று முந்தின தடவை தெரிந்துகொண்டேன்.

வெளியே எடுத்தபோது பொன்னாக இருந்தது. நானே அசந்து போனேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, தட்டில் ஒட்டாமல் இருக்க நெய் தடவியிருக்கிறேன்.

யாரும் தடவச் சொல்லவில்லை. கை தானாகப் போய் நெய்யைத் தொட்டுத் தடவியிருக்கிறது. முப்பது வருடமாகத் தட்டைக் கண்டால் தடவுகிற கை. இத்தனைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் பால் சேரக் கூடாது என்பதைத்தான்.

அதைத் தூக்கிப் போட மனசில்லை. அவருக்கு வைத்தேன். "என்ன புள்ள, ஒப்புட்டா?" என்று கேட்டுவிட்டு, நெய்ச்சொம்பை எடுத்து மேலே இரண்டு கரண்டி ஊற்றித் தின்றார். "நெய்யில்லாம இதெல்லாம் தொண்டையில எறங்குமா" என்றார். யாருக்காகச் செய்து பார்க்கிறேன் என்று கேட்கவில்லை. தெரியும் அவருக்கு.

மே 11

காலையில் வரக்காப்பி குடித்தேன். பால் காய்ச்சச் சோம்பலாக இருந்தது.

நெய்ச்சொம்பைப் பற்றி எழுத வேண்டும். அது வெண்கலச் சொம்பு. சாப்பிடுகிற இடத்தில், அவருடைய வலது கைப்பக்கம் எப்போதும் இருக்கும். வேறு யாரும் ஊற்றக் கூடாது. இந்த வீட்டில் நெய் ஊற்றுவது அவர் வேலை. ஒறம்பரை வந்தால், யாராக இருந்தாலும், இலையில் சோறு விழுந்ததும் எழுந்து போய் அவர்தான் ஊற்றுவார். போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினால் கையிலேயே ஊற்றுவார். நாலு நல்ல வார்த்தை பேசத் தெரியாத மனிதர், பாசம் எல்லாம் அந்தக் கரண்டி வழியாகத்தான் வர வேண்டும்.

தாரணி சின்னதாக இருக்கும்போது தட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடுவாள். "இன்னுங்கப்பா, இன்னுங்கப்பா" என்பாள். சோறு மிதக்கும். நான் திட்டினால் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தக் கூட்டணிதான் இன்று இப்படிக் கிடக்கிறது.

மே 13

மூன்றாவது பை. தட்டில் தேங்காயெண்ணெய் தடவினேன். நெய்க் கிண்ணத்தைச் சமையலறையிலிருந்தே அப்புறப்படுத்திவிட்டுத்தான் ஆரம்பித்தேன். மேலே கெட்டித் தேங்காய்ப்பால் தடவி, நாட்டுச் சர்க்கரை தூவி, கத்தியால் நாலு கீறல் போட்டேன். அந்தக் கீறல் வழியாகச் சாறு கொதித்து வெளியே வந்து விளிம்பில் பாகாக நின்றது. வெட்டினால் ஓடு ஓடாக உடைகிறது.

மயிலாத்தாள் அக்கா இரண்டு துண்டு தின்றார். "நெய்யே ஊத்தலயா? நம்பவே முடியல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கு ஏன் என்று தெரியாது. சுக்கு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வரக்காப்பி பித்தத்துக்கு நல்லதாம். எங்கோ படித்திருக்கிறேன்.

மே 15

மாடு கட்டுகிற கட்டுத்தறியில் புகை வந்தது. போய்ப் பார்த்தேன். அந்தக் கன்றுத் தோலை வைக்கோலோடு போட்டு எரித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாகக் கொட்டகை மூலையில் கிடந்தது.

"எதுக்குங்க?" என்றேன்.

"கரையான் புடிச்சிருச்சு" என்றார்.

கரையான் பிடித்த தோலை அந்த மூலையில் நான் பார்த்ததே இல்லை. தினமும் இரண்டு வேளை அங்கேதான் கறக்கிறேன். எரிந்து முடிகிற வரைக்கும் அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் பொள்ளாச்சி போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார். கேட்டால் வெயில் காலம் என்பார். நான் கேட்கவில்லை.

அவரிடம் ஜெர்மனியைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. வாக்குக் கொடுத்தாயிற்று. அவள் வாயால் கேட்டால்தான் இந்த மனிதருக்கும் மரியாதை.

மே 17

தேங்காயெண்ணெய் உறைந்துவிட்டது. மாம்பழம் தயார். பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், தக்காளி ரசம், தேங்காய்ப்பால் சேர்த்த குருமா. தயிர்ச் சட்டியைக் கொட்டகைக்கு அனுப்பியாயிற்று. ஓவன் தட்டைச் சீயக்காய் போட்டு இரண்டு தடவை கழுவினேன். கரண்டி, கிண்ணம், மாவு உருட்டுகிற கட்டை எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு எடுத்தேன்.

அவர் சமையலறை வாசலில் நின்று, "இது சேருமா, அது சேருமான்னு கேட்டுச் செய்யி. வந்த எடத்துல மொகஞ்சுளிக்கப் போறா" என்றார். அவள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவளைப் பற்றிப் பேசினார். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

மே 18

வந்தாள். மெலிந்திருக்கிறாள். வாசலில் அவர் நின்றிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, நகரவும் இல்லை. அவள் "நல்லாருக்கறீங்களாப்பா?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவள் தோள்பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். வாய் மட்டும்தான் திறக்கவில்லை.

மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். சோறு போட்டேன், பருப்பு ஊற்றினேன். அவர் கை நெய்ச்சொம்புப் பக்கம் போயிற்று. பாதியில் நின்றது. திரும்பி வந்து வெறும் பருப்பையே பிசைந்தது. முப்பது வருடத்தில் அவர் நெய்யில்லாமல் பருப்புச் சோறு தின்றதை இன்றுதான் பார்க்கிறேன். தாரணியும் பார்த்தாள். குனிந்து சாப்பிட்டாள். ஆனால் அவள் முகம் இளகிவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா.

அவர் கை கழுவிக்கொண்டு வந்து மறுபடி அவர் இடத்தில் உட்கார்ந்தார். வழக்கமாகச் சாப்பிட்ட கையோடு கட்டுத்தறிக்குப் போகிறவர். நான் பையைக் கொண்டு வந்து வெட்டினேன். சூடு இருந்தது, வாசனை வீடெல்லாம் நிறைந்தது.

அவள் ஒரு வாய் தின்றாள். கண்ணை மூடினாள். "எப்படிம்மா? பட்டரே இல்லாமயா?"

"தேங்காயெண்ணெய் கண்ணு. நம்ம தோப்புது."

"பெங்களூருல கூட இப்படி இல்லம்மா" என்றாள். முதல் துண்டை முடித்தாள். தட்டை நீட்டி, "இன்னும்மா" என்றாள்.

அந்த ஒரு சொல். அதற்கப்புறம் நடந்ததை எத்தனை தடவை யோசித்தாலும் எங்கே நான் தடுத்திருக்க முடியும் என்று தெரியவில்லை. நான் இரண்டாவது துண்டை வைத்தேன். அவர் எழுந்து வந்தார். முகம் பூரித்துப் போயிருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் பார்த்து எத்தனை காலம். கையில் நெய்ச்சொம்பு. "சூடா இருக்கறப்பவே சாப்புடு அம்மிணி" என்று சொல்லிக்கொண்டே பையின் மேல் ஒரு கரண்டி நிறைய ஊற்றினார். இரண்டாவது கரண்டியும் ஊற்றினார்.

கீறல் வழியாக நெய் உள்ளே இறங்கியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் திட்டவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தாள். எழுந்து போய்க் கை கழுவினாள். அவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். "நானு" என்றார். அதற்கு மேல் வரவில்லை. கரண்டியிலிருந்து நெய் தரையில் சொட்டியது. அப்புறம் சொம்பை அதன் இடத்தில் வைத்துவிட்டுக் கட்டுத்தறிக்குப் போய்விட்டார்.

நான் ஓடினேன். "மறந்துட்டாரு கண்ணு. சத்தியமா. ஒப்புட்டுன்னு நெனச்சுக் கை போயிருச்சு. நானே அன்னிக்குத் தட்டுல தடவிட்டேன், கையி கேக்க மாட்டேங்குது."

"பருப்புக்கு மட்டும் ஞாபகம் இருந்துச்சு."

"நீ இன்னும்னு கேட்டதுல சந்தோசத்துல மறந்துட்டாரு."

"மறக்கலம்மா. வேணும்னே ஊத்துனாரு. என் வூட்டுக்கு வந்தா என் நெய்யத் தின்னுன்னு. நீ அவருக்குப் பரிஞ்சு பேசியே பழகிட்டே."

சாயங்காலம் வரைக்கும் இருக்கிறேன் என்றவள் அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பினாள். நான் ரோடு வரை கூடப் போனேன். கட்டுத்தறியைத் தாண்டித்தான் வழி. அவர் செவலைக்குப் பின்னால் நின்றிருந்தார். திரும்பவில்லை. அவளும் நிற்கவில்லை.

"அப்பாகிட்டச் சொல்லலயே கண்ணு" என்றேன்.

"நீயே சொல்லிரு. நான் போனதுக்கப்புறம் சொல்லு."

"ஒரு வார்த்தை பேசினாப் போதும்னயே. பேசினாரல்ல."

"பேசினாரு" என்றாள். "எதை ஊத்திட்டுப் பேசினாருன்னு பாத்தயல்ல."

பஸ் வந்துவிட்டது. மீதிப் பையைச் சம்படத்தில் போட்டுக் கொண்டு போயிருந்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. பருப்புக்கு ஊற்றாமல் விட்ட நெய்யையெல்லாம் சேர்த்து அந்த ஒரு துண்டில் ஊற்றிவிட்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வருகிறது. ஒருத்தருக்கு வாய் இல்லை, ஒருத்திக்கு மன்னிப்பு இல்லை. ஒரு கரண்டி நெய்யைத் துடைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியாதா அவளால்.

எல்லாவற்றையும் யோசித்தேன். தயிர்ச் சட்டியைக்கூடக் கொட்டகைக்கு அனுப்பினேன். நெய்ச்சொம்பை எடுத்து உள்ளே வைக்க எனக்குத் தோன்றவில்லை. அது அங்கே இருப்பதே என் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மே 19

தரையில் நெய்ப் பிசுக்குப் போகவில்லை.

மே 24

இன்று விமானம். பெங்களூரிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது, கிளம்பிவிட்டேன் என்று. அவள் போகிறது குளிர் ஊர். அங்கே தேங்காயெண்ணெயை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியிருக்காது, தானே உறைந்திருக்கும்.

இன்றைக்கு அவரிடம் சொல்ல வேண்டும். கறவைக்கு முன்னால் சொல்லலாம் என்றிருந்தேன், பால் வண்டி வந்துவிட்டது. சாப்பிடும்போது சொல்லலாம் என்றிருந்தேன். சாப்பிடுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது.

"நீயும் பாலு வுட்டுட்டயா?" என்று என் டம்ளரைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லீங்க. ஊத்த மறந்துட்டேன்" என்றேன்.

மே 27

காலையில் ஒரு கூடை மாம்பழத்தைக் கொண்டு வந்து சமையலறையில் வைத்தார். செந்தூரமும் கிளிமூக்கும் கலந்து. எதற்கு என்று கேட்டேன்.

"அத ஒருக்காச் செய்யி. அன்னிக்குச் செஞ்சது."

செய்தேன். ஓவன் மணி அடிக்கிற வரை சமையலறை வாசலிலேயே நின்றார். ஒரு துண்டை வெட்டி அவர் இடத்தில் வைத்தேன். சொம்பு பக்கத்தில் இருந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டினார். "உள்ள கொண்டு போய் வையி" என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

வெறுமனே தின்றார். மெதுவாக, ஒரு பொட்டுகூட மிச்சம் வைக்காமல், மருந்து தின்கிற மாதிரி தின்று முடித்தார். தண்ணீர் குடித்தார்.

"எறங்குது" என்றார். "நெய்யில்லாமயும் நல்லாத்தான் எறங்குது."

நான் தட்டை எடுக்கக் குனிந்தேன். வாயைத் திறந்தேன், இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிற ஜெர்மனி விஷயத்தை இன்று சொல்லிவிடலாம் என்றுதான். அவர் முந்திக்கொண்டார்.

"தீவாளிக்கு வருவாளல்ல? அதுக்குள்ள நான் பழகிக்கறேன். வந்தான்னா நீ முன்னாடியே சொம்ப எடுத்து உள்ள வச்சிரு. கை போனாலும் அங்க ஒண்ணும் இருக்கக் கூடாது."

"சரிங்க" என்றேன்.